குறும்படத்துக்கு கேம்கார்டர்: ஜூம் எண்ணை விடுங்கள், மைக் ஜாக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாகக் குறும்படம் எடுக்க நினைப்பவர்களுக்கான வீடியோ கேமராக்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை மெகாபிக்சல், 4கே உண்டா, ஜூம் எத்தனை மடங்கு என்ற மூன்றை வைத்தே கேம்கார்டர்களை அது தரம் பிரித்திருந்தது. மலிவான கேம்கார்டர் வாங்கப் போகிறவரைத் தவறான பெட்டியை எடுக்க வைப்பதும் இந்த மூன்று எண்கள்தான். வீட்டு விசேஷத்தைப் பதிவு செய்கிறவருக்கு அவை போதும். ஆளை நிறுத்தி, வசனம் பேச வைத்து, ஷாட் ஷாட்டாக எடுத்துக் கோக்கிறவருக்கு முதல் கேள்வி, வெளி மைக் செருக ஜாக் இருக்கிறதா என்பது. அடுத்தது, எக்ஸ்போஷர் (படத்தில் விழும் வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது) மூன்றையும் கையால் வைத்துப் பூட்ட முடியுமா என்பது. லென்ஸும், ஒளியைப் படமாக்கும் சென்சாரும் அதற்குப் பிறகு. 4கே கடைசியில்.

ஒலியிலிருந்து தொடங்குகிறேன். கேமராவிலேயே பதித்திருக்கும் மைக் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடிகரோ மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறார். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படிக் குறைவதில்லை. வீட்டு அறையில் எடுத்த வசனம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்பது இதனால்தான். எடிட்டிங்கில் இரைச்சலைக் கொஞ்சம் கழிக்கலாம். எதிரொலியைச் சுத்தமாகக் கழற்றி எடுப்பது நடக்கிற காரியம் இல்லை. சட்டையில் குத்தும் லேப்பல் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அது எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும், வசனத்தைப் பொறுத்தவரை மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் கேமரா மைக்கைவிட மேல்.

ஜாக் இல்லாத கேமராவில் அந்த லேப்பல் மைக்கைச் செருக இடமே இல்லை. இங்கேதான் ஜூம் எண் ஆளைத் திசைதிருப்புகிறது. சோனியின் எச்.டி.ஆர்.-சி.எக்ஸ்.405 மாடலில் 30 மடங்கு, பானாசோனிக்கின் எச்.சி.-வி180 மாடலில் 50 மடங்கு ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே நகர்ந்து தரும் ஜூம். இரண்டிலும் மைக் ஜாக் கிடையாது. பானாசோனிக் எச்.சி.-வி770, சோனி எஃப்.டி.ஆர்.-ஏ.எக்ஸ்.53 ஆகியவற்றில் ஜூம் 20 மடங்குதான். ஆனால் மைக் ஜாக், ஹெட்போன் ஜாக் இரண்டும் உண்டு. கேனானின் விக்ஸியா எச்.எஃப். ஆர்800 சிறிய கேமராதான் என்றாலும் அதிலும் இரண்டும் உண்டு; ஏ.வி. வயர் செருகும் துளையே ஹெட்போனுக்கும் பயன்படும். ஜூம் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் குறும்படத்துக்கு உதவாதது முதலிடத்துக்கு வந்துவிடும். தங்கள் இதழ் இனி இத்தகைய அட்டவணை வெளியிட்டால், மைக் ஜாக், ஹெட்போன் ஜாக், லென்ஸ் முன்னால் ஃபில்டர் திருகும் மரை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஜாக் இருப்பதோடு வேலை முடியவில்லை. ஒலி அளவைக் கையால் வைக்க மெனுவில் வழி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் ஆட்டோ என்றால் என்ன ஆகும்? நடிகர் ஒரு வரி பேசி நிறுத்துகிறார். அமைதி வந்ததும், சத்தம் போதவில்லை என்று கேமராவே நினைத்துக்கொண்டு ஒலியை ஏற்றத் தொடங்கும். மின்விசிறி, தெரு, ஃப்ரிட்ஜ் எல்லாம் மெல்ல மெல்ல முன்னால் வரும். அடுத்த வரியின் முதல் எழுத்து விழுந்ததும் எல்லாம் படக்கென்று அமுங்கும். ஒரே ஷாட்டாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் மாறி மாறிப் பேசும் காட்சியை வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி இரைச்சல் குதிக்கும். கையால் வைக்க முடிந்தால், சத்தமாகப் பேசும் வரியில், திரையில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடுகிற மாதிரி வைத்துவிட்டு, அந்தக் காட்சி முடியும்வரை அதைத் தொடக்கூடாது. மீட்டர் சைபரைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும். அதை மீட்க முடியாது.

மைக் வாங்கும்போது பின்னைக் கவனியுங்கள். செல்போனுக்கான லேப்பல் மைக்கின் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். கேம்கார்டரின் 3.5 மி.மீ. ஜாக் எதிர்பார்ப்பது இரண்டு வளையம் உள்ள பின்னை. மாற்றிச் செருகினால் ஒலி வரவே வராது, அல்லது உறுமல் மட்டும் வரும். கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒரு சிறிய அடாப்டர் போதும். இன்னொன்று, இந்தச் சிறிய மைக்குகளில் பல, கேமராவின் ஜாக்கிலிருந்தே சிறிது மின்சாரம் எடுத்து வேலை செய்பவை. ஜாக்கில் அந்த மின்சாரம் வராத கேமராவாக இருந்தால் உள்ளேயே பேட்டரி போடும் மைக் வேண்டும்.

ஹெட்போன் ஜாக்கை ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். லேப்பல் மைக் சட்டையில் உரசுவது, பின் முக்கால்வாசி மட்டும் செருகியிருப்பது எதுவும் மீட்டரில் தெரியாது. மீட்டர் ஆடும், ஒலி குப்பையாக இருக்கும். காதில் மாட்டிக் கேட்டால் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும்.

கையில் இருப்பது ஜாக் இல்லாத கேமரா என்றால் தனி ரெக்கார்டரில் ஒலியைப் பதிவு செய்து பின்னர் பொருத்தலாம். அதில் மாதிரி வீதத்தை 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள், 44.1 வேண்டாம். பின்னர் படத்தையும் ஒலியையும் பொருத்த வசதியாக, ஒவ்வொரு ஷாட் தொடக்கத்திலும் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கைதட்டல். இரண்டு கருவிகளின் கடிகாரமும் நூலளவு வேறுபடும் என்பதால் அரை மணி நேரப் பதிவில் உதடும் குரலும் விலகும். ஒரு நிமிட ஷாட்டில் அந்த வித்தியாசம் தெரியாது. முறை நல்ல முறைதான். ரெக்கார்டரைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே. தனி ஆளாகப் படம் எடுக்கிறவருக்கு ஜாக் உள்ள கேமராவே நல்லது.

இனி கைக்கட்டுப்பாடு. ஆட்டோ எக்ஸ்போஷரில் வைத்த கேமரா முன்னால் நடிகர் ஜன்னலைக் கடந்து நடந்தால் முகம் இருண்டு மறுபடி வெளுக்கும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸில், ஒரே சுவர் ஒரு ஷாட்டில் மஞ்சளாகவும் அடுத்த ஷாட்டில் நீலமாகவும் வரும். ஆட்டோ ஃபோகஸ், ஆள் அசையாமல் நிற்கும்போதுகூட மங்கலான வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸைப் பதியும் வசதி, எக்ஸ்போஷர் பூட்டு, ஷட்டர் வேகத்தைத் தனியாக வைக்கும் வசதி, கையால் ஃபோகஸ் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஃபோகஸ் விழுந்த விளிம்புகளை நிறத்தால் காட்டும் பீக்கிங் இருந்தால் நல்லது. மூன்று அங்குலத் திரையில் வெறும் கண்ணால் ஃபோகஸைத் தீர்மானிப்பது சூதாட்டம். சில மலிவு மாடல்களில் ‘மேனுவல் எக்ஸ்போஷர்’ என்று ஒரே ஒரு பட்டை மட்டும் இருக்கும். அதை நகர்த்தும்போது லென்ஸ் துவாரம், ஷட்டர், கெய்ன் எது மாறுகிறது என்பதைக் கேமராதான் முடிவு செய்யும். கெய்ன் என்பது சென்சாரின் சிக்னலை மின்னணு முறையில் பெருக்குவது; அது ஏறினால் படத்தில் புள்ளி இரைச்சல் ஏறும். ஒவ்வொரு 6 டெசிபலும் சிக்னலை இரட்டிப்பாக்குவது, கூடவே அழுக்கையும். கெய்னுக்கு உச்சவரம்பு வைக்க மெனுவில் இடமிருந்தால் அந்தக் கேமராவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடலாம்.

ஷட்டர் ஏன் தனியாக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பனையாளர்கள் இதைப் பேசவே மாட்டார்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சென்சார் ஒளி வாங்கும் நேரமே ஷட்டர் வேகம். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50 விநாடி, 30 ஃப்ரேம் என்றால் 1/60. அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரிவது இந்த அளவில்தான். விளக்கும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. அங்கே 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் துடிப்பு இல்லை. 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 1/60 அல்லது 1/120. வேறு மின்முறை உள்ள நாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் கேமராவில் பலருக்கும் நேரும் சிக்கல் இது: 60, 30 ஃப்ரேம் மட்டும் உள்ள கேமராவில் 50 ஹெர்ட்ஸ் டியூப் லைட் அடியில் எடுத்தால் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஷட்டரை 1/100-க்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும். ஷட்டரை மாற்ற முடியாத மாடலில் தீராது. வாங்கும் முன்பே 50, 60 இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாமா என்று மெனுவில் பார்த்துவிடுவது நல்லது. 24 ஃப்ரேம்தான் ‘சினிமா லுக்’ என்று அதற்காகவே மாடல் தேட வேண்டாம். 25-க்கும் 24-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாக இரண்டாகப் பிரித்துப் பதியும் இன்டர்லேஸ் முறையை மட்டும் தவிருங்கள். கணினித் திரையில் அசையும் விளிம்புகள் சீப்புப் பல் போல் பிளந்து தெரியும்.

வெயிலில் 1/50 ஷட்டர் வைத்தால் படம் வெளுத்துப்போகும். அதைத் தவிர்க்கக் கேமரா லென்ஸ் துவாரத்தை எஃப் 8-ஐயும் தாண்டிச் சுருக்கும் (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்); சின்ன சென்சார் கேமராவில் அந்த நிலையில் ஒளி விளிம்புகளில் சிதறிப் படம் முழுக்கச் சற்று மழுங்கும். ஆட்டோவில் விட்டால் ஷட்டர் 1/1000-க்குப் போய், ஓடுகிறவர் துண்டு துண்டாகத் தெரிவார். சரியான மருந்து, லென்ஸ் முன் திருகும் என்.டி. ஃபில்டர். என்.டி. 8 ஒளியை எட்டில் ஒரு பங்காக்கும். 1/400 தேவைப்பட்ட இடத்தில் 1/50 போதும். இதற்குத்தான் மரை வேண்டும் என்றேன். 37, 49, 55 மி.மீ. என அளவுகள் மாறும். கேமராவின் முன்வளையத்திலோ கையேட்டிலோ அச்சிட்டிருப்பார்கள். மிக மலிவான மாடல்களில் மரையே இருக்காது.

இப்போது சென்சாரும் லென்ஸும். ஒரு அங்குலம் என்று சொல்லப்படும் சென்சாரின் உண்மையான அளவு 13.2 × 8.8 மி.மீ. 1/2.3 வகை ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ.; பரப்பில் நான்கில் ஒரு பங்கு. முன்னே சொன்ன 50 மடங்கு ஜூம் மாடலில் இருப்பது 1/5.8 வகை, அதைவிடவும் மிகச் சிறியது. சென்சார் சிறுத்தால் சின்ன லென்ஸிலேயே பெரிய ஜூம் கொடுத்துவிடலாம். அந்த எண் பெரிதாக இருப்பதன் ரகசியமே இதுதான். விலையாகக் கொடுப்பது வெளிச்சம். இரவில் வீட்டு விளக்கில் எடுத்தால் நிழல் பகுதிகளில் புள்ளிகள் கொதிக்கும். சிறப்புக்குறிப்பில் ‘1 லக்ஸ்’ (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) போன்ற எண்ணை வைத்து இருட்டுத் திறனை மதிப்பிடாதீர்கள். ஷட்டரை மிக மெதுவாக்கி, அசைவெல்லாம் இழுபட்டுப் போகும் நிலையில் அந்த எண் வந்திருக்கலாம். சென்சார் அளவையும் லென்ஸின் எஃப் எண்ணையும் பாருங்கள். எஃப் எண் இரண்டாகப் போட்டிருக்கும், உதாரணமாக எஃப் 1.8 முதல் 4 வரை. அகல முனையில் (ஜூம் செய்யாத நிலையில்) 1.8, முழு ஜூமில் 4. அதாவது முழுதாக ஜூம் செய்ததும் உள்ளே வரும் ஒளி ஐந்தில் ஒரு பங்காகிறது. இருண்ட அறையில் ஜூமைத் தொடாமல் காலால் நடந்து கிட்டே போங்கள்.

அகல முனை எத்தனை மி.மீ. என்பதுதான் குறும்படக்காரருக்கு முக்கியம். 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கு இணையான கணக்கில் 25 முதல் 29 வரை இருந்தால் சிறிய அறையில் இரண்டு பேரை முழங்கால் வரை அடக்கலாம். 38, 40 என்றால் முதுகு சுவரில் இடிக்கும். அகலத்தைக் கூட்ட முன்னால் மாட்டும் மலிவான கன்வெர்ட்டர் கண்ணாடிகள் ஓரங்களில் நிறம் பிரித்துக் காட்டும். அவற்றை நம்பி மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பின்னணி மங்கலாக வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் சின்ன சென்சாரில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. கேமராவைப் பின்னுக்கு நகர்த்தி, ஜூம் செய்து, நடிகரைச் சுவரிலிருந்து நான்கைந்து மீட்டர் முன்னால் நிறுத்தினால் ஓரளவு கிடைக்கும். சின்ன சென்சாரில் ஃபோகஸ் ஆழம் அதிகம் என்பது புதிதாகப் படம் எடுக்கிறவருக்கு உண்மையில் சகாயம். நடிகர் ஒரு அடி முன்னே வந்தாலும் ஷாட் வீணாகாது.

பெட்டியில் 4கே, 48 மெகாபிக்சல், 18 மடங்கு டிஜிட்டல் ஜூம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, பெயர் தெரியாத பிராண்டில், மைக், லைட், ரிமோட், லென்ஸ் மூடி எல்லாம் சேர்த்து இணையத்தில் விற்கும் கேமராக்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எச்சரிக்க வேண்டும். இவற்றில் பலவற்றில் மைக் ஜாக்கும் இருக்கும். ஆகவே ஜாக் இருக்கிறதே என்று மயங்கிவிடக் கூடாது. இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றுக்கு ஆப்டிகல் ஜூமே கிடையாது. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதை எடிட்டிங்கிலேயே செய்துகொள்ளலாம். பலவற்றின் லென்ஸ் ஒரே இடத்தில் நிலைநிறுத்தப்பட்டது, ஃபோகஸ் நகராது. சென்சார் தருவதைவிடப் பெரிய படத்தைக் கணக்குப் போட்டு ஊதிப் பெருக்கி ‘4கே’ என்று எழுதுவதும் நடக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி: செய்தித்தாள் பக்கம் ஒன்றை ஒன்றரை மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டி, ட்ரைபாடில் வைத்து 4கே-யிலும் 1080-யிலும் (முழு எச்.டி.) பத்துப் பத்து விநாடி எடுங்கள். இரண்டையும் கணினியில் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறிய எழுத்து இரண்டிலும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் அந்த 4கே பொய். பிறகு உள்ளங்கையை லென்ஸிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் காட்டி, எடுத்துவிட்டு, தூரத்துச் சுவரைக் காட்டுங்கள். கை ரேகை தெளிவாகி, பின் சுவர் தெளிவானால் ஃபோகஸ் வேலை செய்கிறது. கை கடைசிவரை மங்கலாகவே இருந்தால் அது நிலைத்த லென்ஸ். சிறப்புக்குறிப்புத் தாளில் சென்சார் அளவும் ‘ஆப்டிகல் ஜூம்’ என்ற வரியும் இல்லாத கேமராவை வாங்காமல் விடுவதே லாபம்.

நல்ல 4கே என்றால் அதன் பிட் வீதமும், அதாவது விநாடிக்கு எழுதும் தரவின் அளவும், நன்றாக இருக்கும். சோனியின் 4கே கேம்கார்டர்கள் விநாடிக்கு 60 அல்லது 100 மெகாபிட் எழுதுகின்றன. பழைய ஏ.வி.சி.எச்.டி. எனும் பதிவு முறையில் 1080 படத்துக்கு 24, பின்னர் வந்த 2.0 பதிப்பில் 28 மெகாபிட். வீதம் குறைந்தால் காற்றில் அசையும் இலைகளும் ஓடும் தண்ணீரும் கட்டம் கட்டமாக உடையும். 4கே எடுத்து 1080-ல் படத்தை முடித்தால் ஷாட்டை இரண்டு மடங்கு வரை வெட்டிக்கொள்ளலாம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி; 28 என்றால் 12.6 ஜிபி. பழைய கணினியில் 4கே ஃபுட்டேஜ் இழுத்துக்கொண்டு நிற்கும். எடிட்டிங் மென்பொருளில் ப்ராக்ஸி எனும் சிறிய நகல் செய்து அதில் வெட்டிவிட்டு, கடைசியில் மூலத்துக்கு மாற்ற வேண்டும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேடென்லைவ், ஷாட்கட் ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. முதலாவதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.

மெமரி கார்டு எஸ்.டி.எக்ஸ்.சி., யூ3 அல்லது வி30 குறி உள்ளதாக இருக்கட்டும். விநாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்பது அதன் பொருள். மெதுவான கார்டில் கேமரா நடு ஷாட்டில் நின்றுவிடும். போலிக் கார்டுகள் நிறைய. 128 ஜிபி என்று காட்டிக்கொண்டு 8 ஜிபி தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஏ.வி.சி.எச்.டி. கேமராவிலிருந்து நகலெடுக்கும்போது உள்ளே புகுந்து எம்.டி.எஸ். எனும் வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்காமல், ‘பிரைவேட்’ ஃபோல்டரை அப்படியே எடுங்கள். நீண்ட பதிவைக் கேமரா பல துண்டுகளாக உடைத்து வைத்திருக்கும். முழு ஃபோல்டர் இல்லாவிட்டால் துண்டுகள் சேரும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுபடலாம்.

பேட்டரி பற்றி இரண்டே வரி. கேமராவோடு வருவது சின்னது. பெரிய அசல் பேட்டரி ஒன்று கூடுதலாக வேண்டும். யு.எஸ்.பி. செருகியிருக்கும்போதே பதிவு செய்ய முடிகிறதா என்று கேளுங்கள், சில மாடல்கள் அணைத்து வைத்தால் மட்டுமே சார்ஜ் ஏறும்.

செல்போன் இருக்கும்போது கேம்கார்டர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நல்ல செல்போன் ஏற்கெனவே கையில் இருந்தால், 1/5.8 சென்சார் கேம்கார்டருக்குக் கொடுக்கும் பணத்தை மைக்குக்கும் ட்ரைபாடுக்கும் கொடுங்கள் என்றே சொல்வேன். படம் செல்போனில் நன்றாக வரும். ஜாக், ஹெட்போன், நிஜமான ஜூம், மாற்றிப் போடும் பேட்டரி, மணிக்கணக்கில் சூடேறி நிற்காத உடல் ஆகியவை தேவைப்படும்போது கேம்கார்டர் முந்துகிறது. பல செல்போன்கள் ஃப்ரேம் வேகத்தை நொடிக்கு நொடி மாற்றிப் பதிவதால் நீண்ட ஷாட்டில் தனியாகப் பதிந்த ஒலி நழுவும்; கேம்கார்டரில் வேகம் நிலையானது. பழைய ஸ்டில் கேமராக்களில் பல 29 நிமிடம் 59 விநாடியில் பதிவை நிறுத்திவிடும். 30 நிமிடம் தாண்டிப் பதியும் கருவிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வீடியோ கேமராவுக்கான சுங்கவரி இருந்ததால் வைத்த வரம்பு அது. நாடகம் ஒன்றை முழுதாகப் பதிவு செய்கிறவருக்கு இது பெரிய இடைஞ்சல்.

மொத்தப் பணத்தையும் கேமராவில் போட்டுவிடாதீர்கள். பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் மைக், ஹெட்போன், கார்டு, பேட்டரி, என்.டி. ஃபில்டர், ட்ரைபாட் அனைத்துக்கும் இடமிருக்கும். ட்ரைபாடில் எண்ணெய்ப் பிடிமானம் உள்ள ஃப்ளூயிட் ஹெட் வேண்டும். ஸ்டில் கேமரா ஸ்டாண்டில் கேமராவைத் திருப்பினால் தொடக்கத்தில் ஒரு வெட்டு, முடிவில் ஒரு வெட்டு விழும். ட்ரைபாடில் ஏற்றியதும், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெடி ஷாட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்திய பிறகும் படம் மெல்ல நகரும்.

இதற்குள் பணம் அடங்கவில்லை என்றால், புதிய கடைசி ரக மாடலைவிடப் பழைய நல்ல மாடலை இரண்டாம் கையாக வாங்குவது மேல். டேப் கேமரா மட்டும் வேண்டாம். மினி டி.வி. டேப்பை ஓடிய நேரத்துக்கு ஓடவிட்டு, ஃபயர்வயர் வழியாகத்தான் கணினிக்கு ஏற்ற வேண்டும். அந்தத் துளை உள்ள கணினியே இப்போது அரிது. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கேம்கார்டர்களும் வேண்டாம், ஒரு முறை கீழே விழுந்திருந்தாலே டிஸ்க் போயிருக்கலாம்.

விற்பவரிடம் போகும்போது சொந்தக் கார்டு, ஹெட்போன், லேப்பல் மைக், சிறிய டார்ச் நான்கும் கையில் இருக்கட்டும். டார்ச்சை லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்த்து அடித்தால் பூஞ்சை இருந்தால் மெல்லிய நூல்களாகத் தெரியும். பூஞ்சை இருந்தால் அங்கேயே விடைபெறலாம். லென்ஸை மூடிக் கெய்னை முழுதாக ஏற்றி அரை நிமிடம் பதியுங்கள். கெட்டுப்போன பிக்சல்கள் அசையாத வெள்ளை, சிவப்புப் புள்ளிகளாக நிற்கும். பிறகு தூரத்து எழுத்து ஒன்றை முழு ஜூமில் வைத்து ஃபோகஸ் செய்து, ஃபோகஸைத் தொடாமல் மெதுவாக அகல முனைக்கு வாருங்கள். நடுவில் படம் மங்கினால் லென்ஸ் அடி வாங்கியிருக்கலாம். திரையைத் திறந்து மூடி, சுழற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் மினுக்கினால் கீல் வழியே போகும் ரிப்பன் கேபிள் அறுந்துகொண்டிருக்கிறது. மைக்கைச் செருகி, பின்னை லேசாக ஆட்டிக்கொண்டே ஹெட்போனில் கேளுங்கள். கரகரத்தால் ஜாக்கின் ஈயப் பற்று விட்டிருக்கிறது. பேட்டரி தட்டையான மேசையில் வைத்தால் ஆடக் கூடாது, ஆடினால் உப்பியிருக்கிறது. கடைசியாக இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். பழைய பேட்டரியின் உண்மையும், சூடேறினால் நின்றுவிடும் குணமும் அதற்குள் தெரியும். எடுத்த எல்லாவற்றையும் கேமராவின் திரையில் பார்த்துத் திருப்திப்படாமல் மடிக்கணினியில் போட்டு, ஒலியோடு சேர்த்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்